சரிக்குச் சரி மாற்றினால் சமமாகுமா?
ஒரு சதுரங்க ஆட்டம் தரும் வியாபாரப் பாடம்



கொடுத்த பொருளும் வாங்கிய பொருளும் ஒரே மதிப்பாக இருந்துவிட்டால் அந்தப் பேரத்தில் நஷ்டமே இல்லை என்பது நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். பேரேட்டில் பற்றும் வரவும் நேராகிவிட்டால் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் கணக்கு நேரான பிறகே நொடித்துப் போன கடைகளையும் நாம் நம் கடைவீதிகளில் பார்த்திருக்கிறோம். கணக்கில் தவறு இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை, பிறகு கடை ஏன் படுத்தது? இக்கேள்விக்கு விடை தேட இம்முறை ஒரு சதுரங்க ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். சதுரங்கம் தெரியாதவர்களும் இதைத் தயங்காமல் படிக்கலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அது நமக்குக் கைவந்த கலைதானே!

இரண்டு பெரிய கைகள்

நாம் எடுத்துக்கொண்ட ஆட்டம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரின் சென்டோசா தீவில் நடந்தது. உலக சாம்பியன் பட்டத்துக்கான 14 ஆட்டப் போட்டியில் அதுவே கடைசி ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் அப்போதைய உலக சாம்பியன், சீனாவின் டிங் லிரென். கறுப்புக் காய்களுடன் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த 18 வயது டி. குகேஷ்.

சதுரங்கத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தரப்புள்ளி என்று ஒன்று உண்டு. கடைவீதியில் ஒரு வியாபாரிக்கு உள்ள நாணயத்தைப் போன்றது அது. யாரிடம் ஆடினார், வென்றாரா, தோற்றாரா என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறை இது. உலக சதுரங்கக் கூட்டமைப்பு இதை 1970இல் ஏற்றுக்கொண்டது. போட்டி தொடங்கியபோது குகேஷின் தரப்புள்ளி 2783, டிங்கின் தரப்புள்ளி 2728. வித்தியாசம் 55. இப்படிப்பட்ட இருவர் நிறைய ஆட்டங்கள் ஆடினால், கிடைக்கும் புள்ளிகளில் 100க்குச் சுமார் 58 மேலே உள்ளவருக்குச் சேரும் என்பது அந்த முறையின் கணக்கு. அதாவது, பெரிய இடைவெளி அல்ல.

போட்டியும் அப்படித்தான் போயிற்று. முதல் ஆட்டத்தில் டிங் வென்றார். மூன்றாவதில் குகேஷ் வென்று சமன் செய்தார். அதன் பின் ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து டிரா. 11ஆவது ஆட்டம் குகேஷுக்கு, 12ஆவது டிங்குக்கு, 13ஆவது மீண்டும் டிரா. ஆளுக்கு ஆறரைப் புள்ளி. கடைசி ஆட்டமும் டிரா ஆனால் மறுநாள் விரைவு ஆட்டங்களில் பட்டம் முடிவாகும். வேக ஆட்டத்தில் டிங்கின் கை ஓங்கலாம் என்ற கருத்து பலரிடம் இருந்தது. ஆகவே அன்று டிராவை விரும்பக் காரணம் உள்ளவர் டிங். வெற்றி தேடிப் போக வேண்டியவர் குகேஷ்.

காய்களின் விலைப்பட்டியல்

மேலே செல்லுமுன் காய்களின் மதிப்பைத் தெரிந்துகொள்வோம். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மூலைவாட்டில் செல்லும் மந்திரிக்கு (பிஷப் என்றும் சொல்வார்கள்) 3, நேர்க்கோட்டில் செல்லும் யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது பொதுவான கணக்கு. ராஜாவுக்கு விலை கிடையாது. ராஜா மாட்டினால் ஆட்டம் முடிந்தது. சிப்பாய்தான் மலிவு. ஆனால் எதிர்க் கோடிவரை போய்ச் சேர்ந்துவிட்டால் அதே சிப்பாய் ராணியாகிவிடும்.

அன்றைய ஆட்டத்தில் 28 நகர்வுகள் முடிந்தபோது இருவரிடமும் இருந்தவை: ஒரு ராணி, இரண்டு யானைகள், ஒரு மந்திரி, மூன்று சிப்பாய்கள். இருப்பு ஆளுக்கு 25. சரிசமம்.

29ஆவது நகர்வில் டிங் தம் சிப்பாய் ஒன்றை முன்தள்ளிக் கொடுத்துவிட்டார். குகேஷின் ராணி அதை வெட்டியது. உடனே ராணிக்கு ராணி வெட்டாயிற்று. ராணிகள் போய்விட்டால் ஆபத்து குறையும், ஒரு சிப்பாய் குறைந்தாலும் ஒரே பக்கத்தில் நிற்கும் மற்றவற்றைக் காத்து டிரா செய்துவிடலாம் என்பது அதன் நோக்கம். கணக்குப்படி அது தவறும் அல்ல. அந்த நிலை டிரா ஆகக்கூடியதே. நிம்மதிக்கு ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அதன் பின் நடந்தவற்றை ஐந்தொகைபோல எழுதிப் பார்ப்போம். முதல் எண் டிங்கின் இருப்பு, இரண்டாவது குகேஷின் இருப்பு.

28ஆம் நகர்வுக்குப் பின்: 25 – 25
டிங் சிப்பாயைக் கொடுத்த பின்: 24 – 25
ராணிக்கு ராணி மாறிய பின்: 15 – 16
32ஆம் நகர்வில் யானைக்கு யானை மாறிய பின்: 10 – 11
46ஆம் நகர்வில் சிப்பாய்க்குச் சிப்பாய் மாறிய பின்: 9 – 10
57ஆம் நகர்வில் யானையும் மந்திரியும் மாறிய பின்: 1 – 2

நண்பர்களே, இந்தப் பட்டியலை ஒரு முறைக்கு இருமுறை பாருங்கள். சிப்பாயைக் கொடுத்த பிறகு கடைசிவரை வித்தியாசம் ஒன்றுதான். அதற்குப்பின் நடந்த ஒவ்வொரு மாற்றும் சரிக்குச் சரி. யாரும் ஒரு காசு அதிகம் கொடுக்கவில்லை, வாங்கவும் இல்லை. ஆனால் 24க்கு 25 என்றபோது அந்த ஒன்று கடலில் கரைத்த பெருங்காயம். 1க்கு 2 என்றபோது அதே ஒன்று எதிராளியைவிட இரு மடங்கு. எதிராளிக்கு எவ்வளவு போயிற்று என்று மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. தன்னிடம் மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தவருக்கே தெரியும்.

55ஆவது நகர்வு

கடைசி மாற்று எப்படி நடந்தது என்பதையும் பார்ப்போம். பலகை வைத்திருப்பவர்கள் அடுக்கிப் பார்க்கலாம். வெள்ளை: ராஜா ஜி1, யானை எஃப்4, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்பு: ராஜா இ5, யானை பி2, மந்திரி இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. ஆட வேண்டியவர் டிங்.

குகேஷின் ராஜா வெள்ளை யானையின் பக்கத்தில் வந்து நிற்கிறது.  மாற்றுக்கு இடம் கொடாமல் வேறு பக்கம் ஒதுங்கியிருந்தால் டிராவுக்கு வழி இருந்தது. அன்று பார்த்துக்கொண்டிருந்த வல்லுநர்கள் பெரும்பாலோரும் டிராவையே எதிர்பார்த்தனர். ஆனால் பல மணி நேரம் தற்காத்து ஆடிய களைப்பு. கடிகாரத்திலும் குகேஷிடம் இருந்ததைவிட டிங்கிடம் மிகக் குறைந்த நேரமே மிச்சம். டிங் தம் யானையை எஃப்2 கட்டத்துக்கு இறக்கி, கறுப்பு யானைக்கு நேர் எதிரே நிறுத்தினார். 'யானைக்கு யானை மாற்றிக்கொள்வோமா?' என்று கேட்பது போன்ற நகர்வு அது.

அது பிழை என்பது தமக்கும் முதல் நொடியில் தெரியவில்லை, வேறு நகர்வைத்தான் ஆட இருந்தோம் என்று குகேஷ் பின்னர் கூறினார். பிறகு நின்று கணக்குப் போட்டார். யானையை வெட்டினார். டிங்கின் ராஜா திரும்ப வெட்டியது. அடுத்து குகேஷ் தம் மந்திரியை டி5 கட்டத்தில் வைத்தார். அங்கேதான் முடிச்சு.

வெள்ளை மந்திரி நின்றது ஏ8 என்ற மூலைக் கட்டம். மூலையில் நிற்கும் மந்திரிக்கு வெளியே வர ஒரே ஒரு பாதைதான் உண்டு. அந்தப் பாதையின் நடுவில் கறுப்பு மந்திரி உட்கார்ந்துவிட்டது. அதற்குக் காவலாக அதன் ராஜா பக்கத்திலேயே நிற்கிறது. இனி வெள்ளை மந்திரி வெட்டினால் மாற்று. வெட்டாவிட்டால் சும்மாவே பறிபோகும். அந்த மந்திரி வேறு ஓர் இடத்தில், இரண்டு பாதை உள்ள கட்டத்தில் நின்றிருந்தால் விலகிப் போயிருக்கலாம். முதல் மாற்று விரும்பிச் செய்தது. இரண்டாவது மாற்று கட்டாயத்தில் செய்தது. ஒரு மாற்று அடுத்த மாற்றை இழுத்துக்கொண்டு வந்தது.

இப்போது பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்கள், வெள்ளைக்கு ஒரு சிப்பாய், கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள். 58ஆவது நகர்வில் இரு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் இடைவெளி விட்டு முகத்துக்கு முகம் நின்றன. நகர வேண்டிய முறை வெள்ளைக்கு. நகர்ந்தால் வழிவிட்டாக வேண்டும். வழி கிடைத்தால் கறுப்பு ராஜா உள்ளே புகுந்துவிடும். டிங் ஆட்டத்தை விட்டுக் கொடுத்தார். குகேஷ் ஏழரைக்கு ஆறரை என்று வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்கு முன் மிக இளம் வயதில் பட்டம் வென்றவர் 1985இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவ்.

பரிசுப் பணத்தையும் சொல்லிவிடுவோம், நாம் வணிகர்கள் அல்லவா! மொத்தம் 25 லட்சம் டாலர். ஒவ்வொரு வெற்றிக்கும் 2 லட்சம், மீதி இருவருக்கும் சரிபாதி என்பது ஏற்பாடு. மூன்று வெற்றிக்குக் குகேஷுக்கு 6 லட்சம், இரண்டு வெற்றிக்கு டிங்குக்கு 4 லட்சம். மீதி 15 லட்சத்தில் ஆளுக்கு ஏழரை லட்சம். ஆகக் குகேஷுக்கு பதிமூன்றரை லட்சம் டாலர், டிங்குக்கு பதினொன்றரை லட்சம் டாலர்.

பின்தங்கியவர் எதை மாற்றலாம்?

சதுரங்க ஆசிரியர்கள் தொடக்க மாணவர்களுக்கே சொல்லித் தரும் விதி ஒன்று உண்டு. இருப்பில் முந்தி நிற்பவர் பெரிய காய்களை மாற்றிக் கொள்ளலாம். பின்தங்கி நிற்பவர் சிப்பாய்களை மாற்றலாமே தவிரப் பெரிய காய்களை மாற்றக் கூடாது. காரணம் எளிது. வெற்றிக்கு விதையாவது சிப்பாய். அது குறையக் குறைய எதிராளி வெல்வதற்கான பொருளே குறைகிறது. பெரிய காய்களோ நம்மைக் காப்பவை. அவை குறையக் குறைய நம் பாதுகாப்பு குறைகிறது.

டிங் இதை அறியாதவர் அல்லர். 45, 46ஆவது நகர்வுகளில் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றி, மூன்றுக்கு இரண்டு என்று இருந்ததை இரண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது விதிப்படி சரியான தற்காப்பு. 55ஆவது நகர்வில் அதே விதியை மீறினார். அறிவு இல்லாமல் அல்ல, அலுப்பில் மீறினார். 'இதையும் மாற்றிவிட்டால் தொல்லை தீரும்' என்ற எண்ணம் எவ்வளவு பெரிய கையையும் ஒரு நொடி ஏமாற்றிவிடும்.

நம் கடைக்கு வருவோம்

முதலாவது, விலைப் போட்டி. எதிரே பெரிய கடை ஒன்று வருகிறது. எண்ணெயில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைக்கிறான். நாமும் ரோஷத்தில் ஐந்து ரூபாய் குறைக்கிறோம். 'நமக்கு நஷ்டம் என்றால் அவனுக்கும் நஷ்டம்தானே' என்று சொல்லிக்கொள்கிறோம். இதுதான் யானைக்கு யானை மாற்று. நம்மிடம் தாங்கும் பணம் 2 லட்சம், அவனிடம் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆளுக்கு 2 லட்சம் இழந்தால் அவனிடம் 18 லட்சம் மீதி, நம்மிடம் கல்லாவே காலி. நஷ்டம் சமம். நிலைமை சமமா? விற்பனை அளவில் அவன் பெரியவன் ஆதலால் நஷ்டமும் அவனுக்கே அதிகம் என்று சிலர் வாதிடலாம். அப்படியே இருக்கட்டும். அவனுக்கு 6 லட்சம் போனாலும் 14 லட்சம் மிஞ்சுகிறது. நமக்கு மிஞ்சுவது என்ன என்பதே கேள்வி.

சிறிய கடைக்காரர் மாற்றத் தக்கவை சிப்பாய்கள்தாம். ஓரிரு சில்லறைச் சாமான்களில் விலையை ஒட்டிப் போகலாம். நம்மைக் காக்கும் பெரிய காய்கள் வேறு. வாடிக்கையாளரை முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பது, வீட்டுக்குச் சரக்கு அனுப்புவது, நாணயம் அறிந்து மாதக் கணக்கு வைப்பது, கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுப்பது ஆகியவை அவை. விலைப் போட்டியில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று கடைப்பையனை நிறுத்தி, வீட்டுக்கு அனுப்புவதையும் நிறுத்தினால், யானையையும் மந்திரியையும் நாமே தூக்கிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது, சரக்கைக் கொடுத்துக் கடனைத் தீர்ப்பது. மண்டிக்கு 50 ஆயிரம் பாக்கி. 50 ஆயிரம் ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்பிக் கணக்கை நேர் செய்கிறோம். பேரேட்டில் குறை இல்லை. ஆனால் மண்டிக்காரர் எந்தச் சரக்கை எடுத்துக்கொள்வார்? ஓடுகிற சரக்கைத்தான். துவரம் பருப்பும் சர்க்கரையும் எண்ணெயும் போன பிறகு, அலமாரியில் ஓடாத சரக்கு மட்டும் நிற்கும். நாளைக்கு வரும் வாடிக்கையாளர் பருப்பு இல்லை என்று அடுத்த கடைக்குப் போவார். போகிறவர் பருப்போடு புளியையும் மிளகாயையும் அங்கேயே வாங்கிவிடுவார். தவணை கேட்டு மாதம் இவ்வளவு என்று கட்டினால் வட்டி கொஞ்சம் கூடலாம். ஆனால் கடை நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, மூலையில் நிற்கும் மந்திரி. ஒரே ஆளிடம் மட்டுமே விற்கக்கூடிய சரக்கு, ஒரே ஓட்டலை நம்பி எடுத்த அரிசி, ஒரே மண்டியை நம்பிய கொள்முதல் எல்லாம் ஒரே பாதை உள்ள காய்கள். பாதை திறந்திருக்கும் வரை மூலையில் இருப்பது தெரியாது. அந்த ஒரு பாதையை ஒருவர் அடைத்துவிட்டால், அவர் சொன்ன விலைக்குத் தள்ள வேண்டியதுதான். இருப்புக் கணக்கு எடுக்கும்போது மதிப்பை மட்டும் எழுதாமல், இந்தச் சரக்கு வெளியே போக எத்தனை வழி என்றும் பக்கத்தில் குறித்து வைப்பது நல்லது.

முந்தி நிற்பவர்களுக்கும் இந்த ஆட்டத்தில் ஒரு பாடம் உண்டு. குகேஷிடம் இருந்த லாபம் ஒரே ஒரு சிப்பாய். மளிகையில் மூட்டைக்கு நிற்கும் லாபம் போல மெல்லியது. 'இதை வைத்து என்ன செய்ய?' என்று டிராவுக்குக் கை கொடுத்திருக்கலாம். அவசரப்பட்டு அதைப் பணயம் வைத்துத் தாக்கியும் இருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. 29ஆவது நகர்வில் கிடைத்த சிப்பாயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 55ஆவது நகர்வுவரை பொறுமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எதிராளி ஒவ்வொரு முறையும் சரியான விடை சொல்லியாக வேண்டும். ஒரு முறை தவறியது, அதுவே போதுமானதாயிற்று.

தோற்றவரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. பட்டம் கைவிட்டுப் போன அதே மாலையில், தமக்கு வருத்தம் இல்லை என்று அமைதியாகச் சொல்லிச் சென்றார் டிங். பெரிய மனம் அது. நாமோ உலக சாம்பியன் அல்ல. நம் ஒரு பிழைக்குப் பின்னால் நம்மை நம்பிய குடும்பமும் கடைப்பையன்களும் இருக்கிறார்கள்.

ஆகவே இனி யாரேனும் 'சரிக்குச் சரி முடித்துக்கொள்வோம்' என்று வந்தால், ஒப்புக்கொள்ளுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். மாற்றிய பின் நம்மிடம் மீதி என்ன? அவரிடம் மீதி என்ன? இந்த மாற்று முடிந்த மறுநாள் நம்மைக் கட்டாயப்படுத்தும் இன்னொரு மாற்று வருமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியோர். போட்டதை அளப்பதோடு நில்லாமல், போட்ட பின் மூட்டையில் மிஞ்சியதையும் அளந்து பாருங்கள். அலுப்போடு கடை கட்டும் நேரத்தில் பெரிய பேரங்களை முடிக்காமல், மறுநாள் காலையில் தெளிந்த மனத்தோடு விடை சொல்லுங்கள். நல்ல பேரமாக இருந்தால் காலையிலும் அது நல்ல பேரமாகவே இருக்கும்.